எலிக்குள் ஒளிர்வது செல்லா, சாயமா?

ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய செல்) சிகிச்சை விளம்பரங்களில் ஒரு படம் அடிக்கடி வரும்: எலியின் காலில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒரு ஒளித்திட்டு. செல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் உறவினர்கள் இதை எனக்கு அனுப்பி, "கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை மூட்டில் போட்டால் அங்கேயே தங்கிக் குருத்தெலும்பாக வளருமாமே?" என்று கேட்கிறார்கள்.

முதலில் அந்த நிறம். அது செல்லின் நிறமே இல்லை. கேமரா பதிவு செய்வது ஒளியின் அளவை மட்டுமே. வண்ணம் பூசுவது மென்பொருள். அளவுகோலைக் கொஞ்சம் மாற்றினால் மங்கலான திட்டும் தகதகக்கும். அளவுகோல் இல்லாமல் வரும் படத்தை நான் நம்புவதில்லை.

லிப்போசக்‌ஷனில் (உடல் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறை) கழிவாகப் போகும் கொழுப்பில் ஸ்டெம் செல்கள் இருப்பதையும், ஆய்வகத் தட்டில் அவற்றை எலும்பு, குருத்தெலும்பு போன்ற திசைகளில் திருப்ப முடியும் என்பதையும் பட்ரிஷியா ஸூக்கும் சகாக்களும் 2001-இல் காட்டினார்கள். தட்டில் நடப்பது உடலிலும் நடக்கும் என்று சொல்ல, போட்ட செல் எங்கே போனது, உயிரோடு இருக்கிறதா என்று பின்தொடர வேண்டும். மனித செல்லைச் சாதாரண எலியின் உடல் நிராகரித்துவிடும். அதனால் நோயெதிர்ப்பு குறைந்த எலிகளையே பெரும்பாலும் பயன்படுத்துகிறோம்.

சிக்கலே அடையாளம் இடுவதில்தான். செல்லுக்குச் சாயம் ஏற்றலாம், அல்லது இரும்பு ஆக்ஸைடு நுண்துகள்களை ஊட்டி எம்.ஆர்.ஐ.யில் கரும்புள்ளியாகப் பார்க்கலாம். ஆனால் செல் செத்தாலும் சாயமும் இரும்பும் அங்கேயேதான் கிடக்கும். குப்பை அள்ள வரும் மேக்ரோஃபேஜ்கள் அவற்றை விழுங்கிவிடும். பல வாரம் கழித்தும் புள்ளி தெரியும்; உள்ளே இருப்பது எலியின் சொந்த செல். வீட்டைக் காலி செய்தவரின் பெயர்ப்பலகை வாசலில் தொங்குவது மாதிரி. வேண்டுமென்றே கொன்ற செல்களுக்கும் அதே அடையாளம் இட்டு, வேறு எலிகளில் செலுத்தி ஒப்பிட்டார்களா என்று பார்க்க வேண்டும். இந்த ஒப்பீடு இல்லாத கட்டுரைகள் இன்னமும் வருகின்றன.

மின்மினியை ஒளிரவைக்கும் நொதியான லூசிஃபெரேஸின் மரபணுவைச் செல்லில் சேர்ப்பது இதைவிட நம்பகமானது. அந்த நொதி வினைபுரியும் பொருளான லூசிஃபெரினைக் கொடுத்தால், ஏ.டி.பி.யும் (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) ஆக்ஸிஜனும் உள்ள உயிர்செல்தான் ஒளிரும். கறுப்பு ரோமம் ஒளியை விழுங்கும், ஆழத்திலிருந்து வரும் ஒளி மங்கும். இருந்தாலும் செத்த செல் பொய் சொல்லாது. கடைசியில் திசுவை எடுத்து, எலியிடம் இல்லாத மனித ஆலு டி.என்.ஏ. தொடர்களை பி.சி.ஆரில் தேடி உறுதி செய்யலாம்.

இப்படிப் பார்த்தபோது தெரிந்தது விளம்பரத்துக்கு உதவாது. ரத்தக்குழாயில் செலுத்தினால் பெரும்பாலான செல்கள் நுரையீரலின் நுண்குழாய்களிலேயே சிக்கி, சில நாள்களில் மறைகின்றன. திசுவில் நேரடியாகப் போட்டாலும் பெரும்பகுதி சில வாரங்களுக்கு மேல் நிற்பதில்லை. அப்படியும் சில எலிகளில் பலன் தெரிகிறதே? செல்கள் சுரக்கும் பொருள்கள் வீக்கத்தைத் தணித்திருக்கலாம் என்பதுதான் இப்போது பலரும் ஏற்கும் விளக்கம். அது நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் 'புதுக் குருத்தெலும்பு முளைக்கும்' என்பது வேறு கதை.

மனிதர்களிடம் அவசரப்பட்டதன் விலையும் தெரிந்ததே. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு மருத்துவமனையில் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணுக்குள் செலுத்திக்கொண்ட மூன்று பெண்களின் பார்வை கடுமையாகப் பறிபோனது 2017-இல் மருத்துவ இதழில் வெளியானது. முறைப்படி சோதித்த மருந்துக்கும் உத்தரவாதம் இல்லை: கொழுப்பு ஸ்டெம் செல்லால் ஆன ஆலோஃபிசெல் 2018-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது, அடுத்த பெரிய சோதனையில் பலன் நிரூபணமாகாததால் 2024-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றம் போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர மற்றதெல்லாம் அனுமதி பெற்ற சோதனைக்குள்தான் நடக்க வேண்டும். அதனால் யாராவது மூட்டுக்குச் செல் போடலாம் என்றால், இந்திய மருத்துவச் சோதனைகளின் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் உள்ள பதிவு எண்ணைக் கேளுங்கள். எலிப் படத்தைக் காட்டினால், செத்த செல்லை வைத்து ஒப்பிட்டார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.