"கொஞ்சம் மோட்டிவேட் செய்யுங்கள்" என்று கேட்டு வரும் பெற்றோருக்கு

பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு எங்களைப் போன்ற மனநல ஆலோசகர்களிடம் பிளஸ் டூ மாணவர்களின் வருகை கூடிவிடும். பெரும்பாலும் அப்பாதான் பேச்சைத் தொடங்குவார். "நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன். இப்போது பொறுப்பே இல்லை. நீங்கள்தான் கொஞ்சம் மோட்டிவேட் செய்ய வேண்டும்." பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். பள்ளிகளிலிருந்தும் இதே கோரிக்கை வரும்: பொதுத்தேர்வுக்கு முன் எல்லா மாணவர்களையும் கூட்டத்தில் உட்காரவைக்கிறோம், ஒரு மணி நேரம் உற்சாகமாகப் பேசிவிட்டுப் போங்கள்.

அந்த ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலருக்கு ஆர்வம் குறைந்திருக்கவில்லை, பயம் கூடியிருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஏற்கெனவே பயந்துபோயிருக்கிற பிள்ளையிடம் "உன்னால் முடியும், குடும்பமே உன்னை நம்பியிருக்கிறது" என்று உரக்கச் சொன்னால் அவன் சுமை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அதிகாலை நாலரைக்கு எழுந்து மேசைமுன் உட்கார்ந்துவிடுவான். ஆறரைக்கு அம்மா காபி கொண்டுபோகும்போதும் இயற்பியல் புத்தகத்தில் அதே பக்கம்தான் திறந்திருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் அவன் கால அட்டவணை போட்டுக்கொண்டிருப்பான். ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி, பாடத்துக்கு ஒரு நிறம் தீட்டி, மறுநாள் அதைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போடுவான். அப்பாவின் பார்வையில் இது ஏமாற்று வேலை. தனியாகப் பேசியபோது பையன் சொன்னது வேறு: "புத்தகத்தைத் திறந்தாலே வயிற்றைப் பிசைகிறது. அட்டவணை போடும்போது மட்டும் அது நிற்கிறது."

அவன் படிப்பைத் தவிர்க்கவில்லை, அந்த வயிற்றுப் பிசைவைத் தவிர்க்கிறான். தவிர்த்ததும் உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே அடுத்த நாளும் தவிர்க்கப் பழக்கிவிடுகிறது. இதே பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவின் மோட்டார் வைண்டிங் கடையில் சாப்பாட்டையும் மறந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருப்பான் என்பது எனக்குத் தெரியவந்தது மூன்றாவது சந்திப்பில்தான். ஆர்வமே இல்லாத பிள்ளையால் அது முடியுமா?

பிறர் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்குக் காரணம் தேடும்போது நாம் அவர்களுடைய குணத்தைப் பிடித்துக்கொள்கிறோம், சூழலை விட்டுவிடுகிறோம். எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் ஆகிய உளவியலாளர்கள் 1967இல் வெளியிட்ட ஆய்வில், கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்று எழுதியவருக்குக் கட்டளையிடப்பட்டிருந்தது எனத் தெளிவாகச் சொன்ன பிறகும், கட்டுரையில் உள்ளதே அவருடைய சொந்தக் கருத்தாகவும் இருக்கும் என்ற பக்கமே படித்தவர்கள் சாய்ந்தார்கள். 1977இல் லீ ராஸ் இதை 'அடிப்படைக் காரணம் கற்பித்தல் பிழை' என்று அழைத்தார்.

இதில் நம் நாட்டுக்கு நேரடித் தொடர்புள்ள ஆய்வு ஒன்று உண்டு. சிகாகோவிலும் மைசூரிலும் உள்ளவர்களை ஒப்பிட்டு ஜோன் மில்லர் 1984இல் வெளியிட்டது. எட்டு வயதுக் குழந்தைகளிடம் பெரிய வித்தியாசம் இல்லை. வயது ஏற ஏற அமெரிக்கர்கள் ஆளின் குணத்தைக் காரணமாகச் சொல்வது கூடியது, மைசூர்க்காரர்கள் சூழலைக் காரணமாகச் சொல்வது கூடியது. அதாவது சூழலைப் பார்க்கத் தெரியாதவர்கள் இல்லை நாம். கடனைத் திருப்பித் தராத உறவினருக்குக்கூட "அவனுக்கு வீட்டில் என்ன கஷ்டமோ" என்று இடம் கொடுக்கிறோம். அந்தப் பெருந்தன்மை ஏன் சொந்தப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கியதும் காணாமல் போகிறது? இந்தக் கேள்வியை ஒவ்வொரு பெற்றோரும் தமக்குள் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

"கொஞ்சம் பயம் இருந்தால்தானே படிப்பான்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எளிய வேலைக்குப் பயம் கொஞ்சம் உதவும். கடினமான வேலையை அது கெடுக்கும். யெர்க்ஸ், டாட்சன் இருவரும் 1908இலேயே எலிகளை வைத்து இதைக் கவனித்தார்கள். பிறர் முன்னிலையில் ஒரு வேலையைச் செய்வதும் இப்படித்தான். ராபர்ட் ஸயான்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1969இல் கரப்பான்பூச்சிகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். சுற்றிலும் மற்றக் கரப்பான்பூச்சிகள் 'பார்த்துக்கொண்டிருந்தபோது' நேர்ப்பாதையில் வேகம் கூடியது, திருப்பங்களுள்ள பாதையில் குறைந்தது. மனப்பாடம் ஆகிவிட்ட வரையறையை அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் பிள்ளை வேகமாக ஒப்பிக்கும். புரியாத கணக்கு அதே இடத்தில் இன்னும் குழம்பும்.

மன அழுத்தம் மனதோடு நின்றுவிடுவதும் இல்லை. ஜானிஸ் கீகோல்ட் கிளேசரின் குழு, பல் மருத்துவ மாணவர்கள் பதினொரு பேரின் மேலண்ணத்தில், அவர்கள் சம்மதத்தோடு, 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு காயம் ஏற்படுத்தியது. ஒருமுறை கோடை விடுமுறையில், இன்னொரு முறை தேர்வுக்கு மூன்று நாள் முன்னால். 1998இல் வெளியான முடிவின்படி, தேர்வுக் காலக் காயம் ஆற 40 சதவீதம் கூடுதல் நாட்கள் ஆயின. தேர்வு நெருங்கும்போது வருகிற தலைவலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாவற்றையும் "சாக்கு" என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் இந்த ஆய்வைச் சொல்வது வழக்கம்.

அடுத்தது பரிசு. 600க்கு 550 எடுத்தால் பைக். நல்லெண்ணத்தில் செய்கிற வாக்குறுதிதான். 1973இல் மார்க் லெப்பர் குழுவினர், தாமாகவே ஆசையோடு படம் வரையும் மழலைப் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாட்களுக்குப் பிறகு பார்த்தபோது அந்தப் பிரிவினர் வரைவதில் காட்டிய நாட்டம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. முன்னறிவிப்பின்றித் திடீரெனப் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஆகவே பரிசே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த பாடத்துக்கு விலை வைக்காதீர்கள் என்கிறேன்.

மார்ட்டின் செலிக்மேன், ஸ்டீவன் மையர் இருவரின் 1967 ஆய்வும் இங்கே முக்கியம். எது செய்தாலும் மின்னதிர்ச்சியை நிறுத்த முடியாது என்ற நிலையில் இருந்த நாய்கள், பிறகு ஒரு தாழ்வான தடுப்பைத் தாண்டினாலே தப்பலாம் என்றபோதும் பெரும்பாலும் படுத்தே கிடந்தன. தம்மால் எதுவும் ஆகாது என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்பது அவர்களின் அப்போதைய விளக்கம். அரை நூற்றாண்டு கழித்து, 2016இல் அதே இருவரும் அந்த விளக்கத்தைத் திருத்தினார்கள். நெடிய துன்பத்தில் முடங்கிப்போவது மூளையின் இயல்பான எதிர்வினை, 'என் கையில் ஏதோ இருக்கிறது' என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார்கள். என் வேலைமுறை பெருமளவு இதைச் சார்ந்தது.

அந்தப் பையனுக்கும் அதைத்தான் செய்தோம். எந்தப் பாடத்தில் தொடங்குவது என்பதை அவனே முடிவு செய்தான்: மின்காந்தத் தூண்டல். கம்பிச் சுருளைக் கையால் அறிந்தவனுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. இருபது நிமிடம் படிப்பது, மணி அடித்ததும் விருப்பமிருந்தாலும் எழுந்துவிடுவது. வயிறு பிசைந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும், ஒரு வரி எழுது. கால அட்டவணைக்குத் தடை. இரவுச் சாப்பாட்டில் தேர்வுப் பேச்சை எடுப்பதில்லை என்று அப்பா ஒப்புக்கொண்டார். அவருக்கு இது எளிதாக இருக்கவில்லை, முதல் வாரம் சாப்பாட்டில் வீடே மௌனமாக இருந்ததாம். மார்ச்சில் பையன் இயற்பியலில் பெரிய மதிப்பெண் எதுவும் வாங்கவில்லை. ஆனால் மூன்று மணி நேரமும் உட்கார்ந்து எழுதினான். திருப்புதல் தேர்வில் அரை மணியில் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியேறியவன் அவன்.

வாரத் தேர்வு மதிப்பெண்களைப் பெயரோடு வாட்ஸ்அப் குழுவில் போடும் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். தமிழக அரசே 2017இல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியல் வெளியிடுவதைக் கைவிட்டது. மாநில அளவில் வேண்டாம் என்று முடிவான ஒன்றை வகுப்பு அளவில் வாராவாரம் செய்யாதீர்கள்.

படிப்புத் தயக்கம் வேறு, மனச்சோர்வு வேறு. பிள்ளைக்கு முன்பு பிடித்த எதுவுமே இப்போது பிடிக்காமல் போவது, தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்து கிடப்பது, "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்ற வகைப் பேச்சு, ஆசையாக வைத்திருந்த பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இருக்கிறது என்றால் பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. தொலைபேசியில் பேச மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ம், தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104ம் உண்டு. இரண்டிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இந்த எண்கள் உங்கள் பிள்ளையின் செல்போனிலும் இருக்கட்டும்.