ஷ்ட்ராய்ஸலைத் ‘தூவல்’ ஆக்கியவர்களுக்கு

‘இனிப்புத் தூவலை மாவின் மேல் சமமாகத் தூவவும்.’ தமிழாக்கிய ஜெர்மன் பலகாரச் செய்முறைகளில் இந்த வரி இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகக் கண்ணில் பட்டது. முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை பக்கத்தைத் திருப்பிவிட்டேன். மூன்றாம் முறை அந்த வரி செய்த கோலத்தை என் அக்கா மகளின் சமையலறையிலேயே பார்த்துவிட்டதால் எழுத உட்கார்ந்தேன்.

பலகாரத்தின் பெயர் ஷ்ட்ராய்ஸல்கூகன். இதற்குப் பேர்போன நிலப்பகுதி சிலேசியா. இன்று அதன் பெரும்பகுதி போலந்தில் இருக்கிறது. 1945க்குப் பின் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட ஜெர்மானியர்கள் குடியேறிய இடமெல்லாம் இதையும் கொண்டுபோனார்கள். ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைத்த மாவைப் பெரிய தட்டில் விரல் கனத்துக்குப் பரப்பி, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் கலந்து உதிர்த்த சிறு கட்டிகளால் மேலே மூடிச் சுடுவார்கள். அந்தக் கட்டிகள்தான் ஷ்ட்ராய்ஸல், தமிழாக்கத்தில் ‘தூவல்’ ஆனது. மேற்கு ஜெர்மனியின் ரைன், ரூர் பக்கங்களில் அடக்கம் முடிந்து வருபவர்களுக்குக் காப்பியோடு இதை வைக்கும் வழக்கம் உண்டு. ‘அடக்கக் கேக்’ என்றே அங்கே இதற்கு இன்னொரு பெயர்.

ஆங்கிலம் வழியாக இதை அறிந்தவர்கள் ‘ஸ்ட்ரூசல்’ என்று சொல்லி, ஆப்பிளை உள்ளே வைத்துச் சுருட்டும் ஷ்ட்ரூடலோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஷ்ட்ரூடல் என்றால் நீர்ச்சுழி. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சொல்லின் பிறப்பு எளியது. ‘ஷ்ட்ராயன்’ என்றால் தூவு, இறை, பரப்பு. தொழுவத்தில் மாட்டுக்குப் பரப்பும் வைக்கோல் ‘ஷ்ட்ராய்’. பனிக்காலத்தில் சாலையில் உப்பு இறைப்பதற்கும் அதே வினைதான். கடைசியில் வரும் ‘ஸல்’ விகுதி, ஒரு செயலால் விளைந்த பொருளைக் காட்டும். நறுக்கிய வைக்கோலை ‘ஹெக்ஸல்’ என்பார்கள். நம் துருவலிலும் வறுவலிலும் ‘அல்’ செய்கிற வேலை அது.

ஆக, தூவு என்பதோடு அல் சேர்த்தால் தூவல். கணக்கு அச்சுப்பிசகாமல் வருகிறது, வம்பும் அங்கேதான் தொடங்குகிறது. தூவல் என்ற சொல் சும்மா கிடக்கவில்லை. இறகுக்கு அந்தப் பெயர் உண்டு, மழைத்துளிக்கும் உண்டு. தனித்தமிழ் அன்பர்கள் பேனாவையும் தூவல் என்றே எழுதுகிறார்கள். ‘வெண்ணெய்த் தூவல்’ என்று படித்தால் எனக்கு வெண்ணெயில் தோய்த்த எழுதுகோல்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நம் சமையலில் எதைத் தூவுகிறோம்? மிளகுத்தூள், கொத்தமல்லித் தழை. இறக்குகிற நேரத்தில், கொஞ்சமாக, மணத்துக்காக. ஷ்ட்ராய்ஸல் அப்படி வந்துபோகிற விருந்தாளி இல்லை. அந்தப் பலகாரத்தைச் சாப்பிடுவதே அதற்காகத்தான். ‘தூவல்’ என்று படித்த என் அக்கா மகள், தூவுவதென்றால் தூளாகத்தானே இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு ஓட்டிவிட்டாள். சுட்டு எடுத்தால் மேலே மணல் கொட்டியது போல ஒரு படலம். கத்தி வைத்ததும் பாதி மேசையில் சரிந்தது. “பொடித்துத் தூவச் சொன்னார்களே, சித்தி” என்றாள். அவள் மேல் என்ன தவறு?

கோயிலில் மலர் தூவுகிறோமே, மலர் என்ன தூளா என்று ஒரு நண்பர் மடக்கினார். தூவுகிறோம்தான். அதற்காக மலருக்குத் தூவல் என்று யாரும் பெயர் வைக்கவில்லையே! ஜெர்மன்காரர்கள் வைத்தார்கள், போலந்தில் சிலேசியாக்காரர்களும் தூவுகிற வினையை வைத்தே ‘பொசிப்கா’ என்கிறார்கள். அது அவர்கள் காதுக்குப் பொருந்துகிறது. நமக்கு வேண்டியது, கேட்டதும் கைக்கு வேலை தெரிகிற சொல்.

அந்த வேலை நமக்குப் புதிதும் அல்ல. புட்டுக்கு மாவு பிசிறுகிறோம். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அங்கே தண்ணீர், இங்கே வெண்ணெய், வேறுபாடு அவ்வளவுதான். மாவு 200 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 100, சர்க்கரை 100, ஒரு சிட்டிகை உப்பு. விரல் நுனியால் பிசிறி, ஒரு பிடியை இறுக்கிப் பிடித்து, கொண்டைக்கடலை அளவுக்கு உதிர்த்துவிட வேண்டும். அதனால் நான் சொல்வது ‘உதிரிமாவு’. உதிரி என்றால் வண்டியின் பாகம் நினைவுக்கு வருகிறது என்பவர்கள் பூக்கடைக்குப் போய் உதிரிப்பூ கேட்டுப் பார்க்கட்டும். ‘பிசிறல்’ என்றும் வைக்கலாம் என்று நினைத்தேன். பிசிறு என்றால் நூல் பிரிந்த துணி ஓரமும் ஆகும் என்பதால் விட்டுவிட்டேன்.

அதே செய்முறையில் இன்னும் இரண்டு முத்துகள். ‘நொதி 20 கிராம்’ என்று இருக்கிறது. நொதி வேறு, ஈஸ்ட் வேறு. நொதி ஒரு வேதிப்பொருள்; ஈஸ்ட் உயிருள்ள பூஞ்சை, ஜெர்மன் கடைகளில் 42 கிராம் கட்டியாக விற்பது. இலங்கைப் பள்ளி நூல்களில் அது மதுவம். மதுவம் என்று எழுதுங்கள், ஈஸ்ட் என்றே எழுதுங்கள், நொதி மட்டும் வேண்டாம். அடுத்தது, ‘மாவை ஒரு மணி நேரம் ஓய்வெடுக்க விடவும்’. மாவு என்ன, நாற்று நட்டுவிட்டா வந்திருக்கிறது? மூடி வை, பொங்க விடு என்று எந்தப் பாட்டியும் சொல்வாள். ஜெர்மன் வினையைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறவருக்கு அந்தப் பாட்டியைக் கேட்கத் தோன்றுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் மறுபடி செய்தாள். நான் ‘புட்டு மாவு போல’ என்று மட்டும் சொன்னேன். மிக்ஸியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.