கல்விச் சட்டத்தை யாரால் நிறுத்த முடியும்?

ஒரு நாடு பள்ளிக்கல்வியை மாற்றப் போகிறது என்றால், திட்டத்தைப் படிப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: அதை நடுவழியில் நிறுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது? பெரும்பாலான நாடுகள் ஜனநாயகம் என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. நிறுத்தும் கை மட்டும் நாட்டுக்கு நாடு வேறு.

பிரிட்டனில் நாடாளுமன்றப் பெரும்பான்மை இருந்தால் போதும். பிரதமர் தாட்சர் அரசின் 1988 சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் தேசியப் பாடத்திட்டத்தையும், 7, 11, 14 வயதில் தேர்வுகளையும் கொண்டுவந்தது. அவையில் தோற்ற எதிர்ப்பு வகுப்பறையில் எழுந்தது. 1993-இல் ஆசிரியர்கள் தேர்வை நடத்த மறுத்தார்கள். அரசு பாடச்சுமையைக் குறைத்தது. இங்கிலாந்தில் 14 வயதுத் தேர்வே 2008-இல் போய்விட்டது.

பின்லாந்து கூட்டணி அரசுகளின் நாடு, அதனால் நிதானம். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் ஒன்பதாண்டுப் பொதுப்பள்ளிக்குக் கொள்கை முடிவு 1963-இல், சட்டம் 1968-இல். 1972-இல் வடகோடி லாப்லாந்தில் தொடங்கி, ஹெல்சிங்கி பகுதிக்கு வரும்போது 1977. ஆனால் பிறகு வந்த எந்த அரசும் அதைக் கலைக்கவில்லை.

மூன்றாவது வகையில் மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள். எனக்கு ஹாம்பர்க் கதைதான் மறக்காது. ஜெர்மனியில் பள்ளி மாநிலங்களின் அதிகாரம். ஹாம்பர்க் ஒரு நகர மாநிலம். அங்கே நான்காம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை வேறு வேறு பள்ளிகளுக்குப் பிரித்துவிடுவார்கள். பத்து வயதில் அந்த முடிவு வேண்டாம், ஆறாம் வகுப்புவரை ஒன்றாகப் படிக்கட்டும் என்றது சீர்திருத்தம். மாநில அவையில் இருந்த எல்லாக் கட்சிகளும் ஆதரித்தன.

ஆனால் அங்கே ஒரு விதி உண்டு. வாக்காளர்களில் இருபதில் ஒருவர் மூன்று வாரத்துக்குள் கையெழுத்திட்டால், விஷயத்தைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம். எதிர்த்த பெற்றோர் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கையெழுத்து திரட்டினார்கள். 2010 ஜூலை 18 அன்று திட்டம் தோற்றது. வசதியான பகுதிகளில் வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் அதிகம், ஏழைப் பகுதிகளில் குறைவு. சீர்திருத்தம் யாருடைய பிள்ளைகளை மனதில் வைத்து வந்ததோ, அந்தப் புலம்பெயர்ந்த பெற்றோரில் பலருக்குக் குடியுரிமை இல்லை, வாக்கும் இல்லை. மக்கள் தீர்ப்பு என்று இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் நெருடும்.

அதே சீர்திருத்தத்தின் இன்னொரு பாதி வாக்கெடுப்பில் கேட்கப்படவே இல்லை, அதனால் தப்பியது. பல்கலைக்கழகம்வரை வழிவிடும் புது வகை மேல்நிலைப் பள்ளிகள் அதே ஆண்டு ஆகஸ்டில் திறந்தன. பள்ளி அமைப்பைப் பத்தாண்டு தொடுவதில்லை என்று முக்கியக் கட்சிகள் முன்பே ஒப்பந்தம் போட்டிருந்தன. 2019-இல் அதை நீட்டித்தார்கள்.