நிறம் வெளுத்த பரோலோ கெட்டுப்போன பரோலோ அன்று

சில ஆண்டுகளுக்கு முன்பு வடஇத்தாலிய உணவகம் ஒன்றில் ஒயின் பரிமாறும் பொறுப்பில் இருந்தபோது, ஒரே வாரத்தில் இரண்டு தவறான தீர்ப்புகளுக்குச் சாட்சியாக இருந்தேன். அவற்றில் ஒன்றுக்கு உடந்தையாகவும் இருந்தேன். முதலாவது, 1996 ஆம் ஆண்டு அறுவடையின் பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு ஒயின். விருந்தினர் கோப்பையைத் தூக்கிப் பார்த்தார். நடுவில் சுட்ட செங்கல்லின் நிறம், விளிம்பில் ஆரஞ்சுச் சாயல். கோப்பைக்குப் பின்னால் பிடித்த விரல்கள் அப்படியே தெரிந்தன. முகர்ந்துகூடப் பார்க்காமல், "சாயம் போய்விட்டது, எடுத்துச் செல்லுங்கள்" என்றார். உணவகத்தை மூடிய பிறகு சமையலறைப் பணியாளர்களும் நானும் அந்தப் புட்டியைப் பகிர்ந்துகொண்டோம். அந்த ஆண்டில் நான் சுவைத்தவற்றில் அதுவே மிகச் சிறந்தது.

இரண்டாவது, அதே வாரச் சனிக்கிழமை இரவு, நால்வர் அமர்ந்திருந்த மேசைக்குச் சென்ற 2001 ஆம் ஆண்டுப் புட்டி. கூட்ட நெரிசலில் திறந்தவுடன் முகர்ந்து பார்க்காமல் ஊற்றிவிட்டேன். நால்வரும் மரியாதையோடு, ஏறக்குறைய பக்தியோடு, குடித்து முடித்தார்கள். மேசையைச் சுத்தம் செய்யும்போது புட்டியின் வாயில் மூக்கை வைத்தேன். மழையில் நனைந்து மூலையில் கிடந்த சாக்கின் வாடை. தக்கை கெடுத்த ஒயின் அது. "பழைய ஒயின் என்றால் இப்படித்தான் இருக்கும்போலும்" என்று அவர்களில் ஒருவர் சொன்னது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மூப்பைப் பழுது என்று ஒதுக்குவதும், பழுதை மூப்பு என்று வணங்குவதும் இந்தத் தொழிலில் நான் நாள்தோறும் காணும் இரட்டைப் பிழைகள். இவ்விரண்டையும் பிரித்தறியப் பிறவியிலேயே கூர்மையான மூக்கு வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். என் அனுபவத்தில் மூக்கைவிடப் பொறுமைதான் அதிகம் உதவுகிறது.

பரோலோ, இத்தாலியின் பியெமோந்தே மாநிலத்தில் ஆல்பா நகரை ஒட்டிய லாங்கே குன்றுகளில், 11 ஊராட்சிகளின் எல்லைக்குள், நெபியோலோ என்ற ஒரே வகைத் திராட்சையிலிருந்து உருவாகிறது. அறுவடை செய்த ஆண்டின் நவம்பர் 1 ஆம் தேதியிலிருந்து கணக்கிட்டு, குறைந்தது 38 மாதங்கள் கழித்தே அதை விற்க முடியும். அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் கழிந்திருக்க வேண்டும். ரிசெர்வா என்ற பெயர் வேண்டுமானால் 62 மாதங்கள். அதாவது, கடைக்கு வரும்போதே இதற்கு மூன்று வயது கடந்துவிடுகிறது. நல்ல ஆண்டின் பரோலோ பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்தே தன் முழு உருவத்தைக் காட்டும். எல்லாச் சிவப்பு ஒயின்களுக்கும் இந்த ஆயுள் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. உலகில் விற்கும் சிவப்பு ஒயின்களில் மிகப் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் குடித்து முடிப்பதற்காகவே செய்யப்படுகின்றன. அவற்றைப் பத்து ஆண்டுகள் அலமாரியில் பூட்டி வைப்பவர், பழத்தின் மணம் போன வெறும் புளிநீரையே திறக்க நேரிடும்.

நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. சிவப்பு ஒயினின் நிறம் திராட்சைத் தோலில் உள்ள ஆந்தோசயனின் நிறமிகளிலிருந்து வருகிறது. பல சிவப்புத் திராட்சைகளில் மால்விடின் எனப்படும், எளிதில் சிதையாத நிறமி ஓங்கியிருக்கும். நெபியோலோவிலோ ஆக்சிஜனுக்கு விரைவில் இரையாகும் பியோனிடின், சயனிடின் வகைகளின் பங்கு அதிகம். அதனால் இளம் பரோலோவே வெளிர்சிவப்பாகத்தான் இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல நிறமிகளும் துவர்ப்புப் பொருளான டானின்களும் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, மண்டியாக அடியில் படியும். மேலே நிற்கும் திரவம் மேலும் வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு மாறும். இருபது வயதுப் பரோலோ மாதுளைச் சாறுபோல் அடர்ந்து கறுத்திருந்தால்தான் நான் புருவத்தை உயர்த்துவேன். நிறத்தில் நான் பார்ப்பது ஒளி மட்டுமே. வெளுத்திருந்தாலும் பளபளப்போடு தெளிந்திருந்தால் உயிர் இருக்கிறது; தேநீர்போல் பழுப்பேறி மங்கிக் கிடந்தால் ஆக்சிஜன் தன் வேலையை முடித்திருக்கலாம். அப்போதுகூடத் தீர்ப்பை மூக்கிடம் விடுவதே முறை.

கண் எந்த அளவுக்கு மூக்கை ஏமாற்றும் என்பதற்கு, பிரான்சின் போர்தோவில் நடந்து 2001 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று இன்றும் என் தொழிலில் பேசப்படுகிறது. ஒயின் இயல் பயின்ற 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயின் ஒன்றில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் கதையே இது என்றால், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விலையை மனத்தில் சுமந்துகொண்டு அமர்ந்திருக்கும் விருந்தினரை எப்படிக் குறை சொல்வது?

திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை எளியவை. கிடைமட்டமாகக் கிடந்த புட்டியைக் குறைந்தது ஒரு நாள் முன்னதாக நிமிர்த்தி வைத்தால் மண்டி அடியில் இறங்கும். கழுத்துக்கும் கீழே, தோள்வரை அளவு குறைந்திருந்தால் தக்கை வழியே காற்று புகுந்திருக்க வாய்ப்புண்டு. தக்கை மேலே தள்ளிக்கொண்டோ, கசிந்து உறை ஒட்டிக்கொண்டோ இருந்தால், அந்தப் புட்டி எங்கோ வெப்பத்தில் வாடியிருக்கிறது என்று பொருள். தக்கையின் மேல்பக்கம் கறுத்துப் பூஞ்சை பூத்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஈரப்பதமுள்ள நிலவறையில் ஒழுங்காக வளர்ந்ததற்கு அது அடையாளம், துடைத்துவிட்டுத் திறக்கலாம். மண்டியும் உடலுக்குத் தீங்கு செய்யாது, நாக்கில் மணல்போல் நெருடுமே தவிர.

இனி மூக்கு. நீண்ட காலம் அடைபட்டிருந்த ஒயின் திறந்தவுடன் நல்ல மணம் வீசும் என்று எதிர்பார்ப்பது, தூங்கி எழுந்தவரிடம் உடனே பாடச் சொல்வதைப் போன்றது. தீக்குச்சி, அவித்த முட்டை, பூட்டிய அறையின் புழுக்கம் ஆகிய வாடைகள் முதலில் எழலாம். கோப்பையைச் சுழற்றினால் இவை பத்து, இருபது நிமிடங்களில் விலகும். தக்கையின் கெடுதல் அவ்வாறு விலகாது. டி.சி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் டிரைகுளோரோஅனிசோல் என்ற வேதிப்பொருளே அதற்குக் காரணம். தக்கையில் இருக்கும் பூஞ்சைகள் குளோரின் சேர்ந்த பீனால்களை மாற்றுவதால் அது உண்டாகிறது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு அதை உணரும். குடித்தவருக்கு அதனால் கேடில்லை. ஆனால் ஒயினின் மற்ற மணங்கள் அனைத்தையும் அது அமுக்கிவிடும். காற்றுப் பட்டால் நனைந்த அட்டையின் வாடை மேலும் தெளிவாகத் தெரியும். ஆகவே ஐயம் எழும்போது நான் செய்யும் சோதனை ஒன்றே ஒன்றுதான்: கோப்பையைத் தட்டால் மூடி அரை மணி நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு மீண்டும் முகர்வேன். தக்கையை முகர்ந்து பார்ப்பதால் தக்கையின் மணமே தெரியும். அந்தச் சடங்கை நான் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன.

அடிபட்டுப் பழுத்த ஆப்பிளின் மணம் மட்டுமே எஞ்சியிருந்தால் ஆக்சிஜனேற்றம். வினிகரும் நகப்பூச்சும் கலந்த நெடி மூக்கில் ஏறினால் அசிட்டிக் அமிலத்தின் ஆதிக்கம். சிவப்பு ஒயினில் அது பொதுவாக லிட்டருக்கு 1.2 கிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. ஆனால் பழைய பரோலோவில் அந்த நெடி இலேசாக இருப்பதை நான் பழுதாகக் கருதுவதில்லை, அது மற்ற மணங்களை மேலே தூக்கிவிடுகிறது. குதிரை லாயத்தை நினைவூட்டும் பிரெட்டனோமைசிஸ் ஈஸ்டின் வாடை விஷயத்தில் என்னுடன் பணியாற்றியவர்கள் பெருந்தன்மையானவர்கள். நான் அவ்வளவு இரக்கம் காட்டுவதில்லை.

பழுதில்லாத முதிர்ந்த பரோலோ எழுப்பும் மணங்களுக்கு இத்தாலியர்கள் சொல்லும் முதல் இரு சொற்கள் ரோஜாவும் தாரும். பிறகு உலர்ந்த செர்ரி, தோல், புகையிலை, காளான், ஈரமான இலைச்சருகு. ஆல்பாவைச் சுற்றிய காடுகளில் கிடைக்கும் வெள்ளை டிரஃபிள் என்ற நிலத்தடிக் காளானின் மணமும் சில புட்டிகளில் வரும். அவர்கள் லிக்குவிரிசியா என்று குறிப்பிடுவதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அது வேறொன்றும் இல்லை, இருமலுக்குப் பாட்டி வாயில் ஒதுக்கிக்கொள்ளச் சொன்ன அதிமதுரம்தான். வனிலாவும் வறுத்த காப்பியும் முன்னால் வந்து நின்றால், 225 லிட்டர் கொள்ளும் பாரிக் எனப்படும் புதிய ஓக் பீப்பாய்கள் பேசுகின்றன என்று கொள்ளலாம். அந்தச் சிறு பீப்பாய்கள் 1980களிலும் 1990களிலும் லாங்கேயின் ஒயின் தயாரிப்பாளர்களை இரண்டு அணிகளாகப் பிரித்தன. பழைய பெரிய பீப்பாய்களை விட்டுக்கொடுக்காத தயாரிப்பாளர் பர்த்தோலோ மஸ்கரெல்லோ, இத்தாலிய அரசியல்வாதி பெர்லுஸ்கோனியையும் சேர்த்துச் சாடி, 'பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்' என்று தன் கையால் லேபிளே வரைந்தார். எந்தப் பக்கம் சரி என்ற சண்டை இன்று ஓய்ந்துவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்தும் மரம் மட்டுமே மணக்கிறதென்றால் உள்ளே பழம் போதவில்லை என்பது மட்டும் எனக்குத் தெளிவு.

வாயில் தீர்ப்பளிக்கும்போது தமிழ் பேசுபவருக்கு ஓர் அனுகூலம் உண்டு. துவர்ப்பை ஆறு சுவைகளில் ஒன்றாக எண்ணி வளர்ந்தவர்கள் நாம். வாழைப்பூவும் கடுக்காயும் கொட்டைப்பாக்கும் வாய்க்குள் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். டானின், உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு சேர்ந்து அவற்றைப் பிரித்துவிடுவதால் வாயின் வழுவழுப்பு போய், ஈறும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்கின்றன, அதுவே துவர்ப்பு. கசப்பு அதனின்று வேறானது, நாவில் தங்கிப் பின்தொடர்வது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு "கசக்கிறது" என்று புட்டியைத் திருப்பி அனுப்புபவர்கள் அநேகர். இளம் நெபியோலோவின் துவர்ப்பு பச்சைப் பாக்கைக் கடித்ததுபோல் முரடாக இருக்கும். முதிர்ந்ததில் அது குறைந்து, இழைத்த பலகைபோல் மென்மையாகியிருக்க வேண்டும். முற்றிலும் மறைந்திருக்கக் கூடாது. செர்ராலுங்கா தால்பா ஊர்ப்பக்கத்து ஒயினில் இந்த இழுப்பு நெடுநாள் நிற்கும். லா மோர்ராவின் மண்ணில் விளைந்தது முன்னதாகவே இணங்கி வரும். ஊரை அறியாமல் ஒரே அளவுகோலை வைத்தால் ஒன்றுக்கு அநீதி நேரும்.

துவர்ப்பு, புளிப்பு, பழம் ஆகிய மூன்றும் எந்த வேகத்தில் மூப்படைந்தன என்பதையே நான் கவனிக்கிறேன். பழம் முன்னதாக இறந்து, துவர்ப்பும் புளிப்பும் மட்டும் காவல் காத்துக்கொண்டிருந்தால், அந்த ஒயினுக்கு இனி எந்தக் காத்திருப்பும் பயன்தராது. விழுங்கிய பிறகோ துப்பிய பிறகோ மணம் எத்தனை வினாடி தங்குகிறது என்று எண்ணிப் பார்ப்பது இத்தாலியச் சொமலியேக்கள் எனப்படும் ஒயின் பரிமாறும் வல்லுநர்களின் பழக்கம்; நானும் எண்ணுகிறேன்.

துப்புவது பற்றி ஒரு சொல். ஒயினைச் சுவைத்து மதிப்பிடுபவர்கள் துப்புவது பாசாங்கன்று, பிழைப்பு. முதிர்ந்த ஒயின் உடலுக்கு நல்லது, அதில் போதை தணிந்திருக்கும் என்று என்னிடம் சொல்பவர்கள் உண்டு. முப்பது ஆண்டுகள் ஆனாலும் பரோலோவின் ஆல்கஹால் அதே 13, 14 சதவீதமாகத்தான் இருக்கும். மதுபானங்களைப் புற்றுநோய் விளைவிப்பவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988 ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியிருக்கிறது. ஒரு மாலையில் இருபது புட்டிகளைச் சுவைப்பவர் விழுங்கத் தொடங்கினால், எட்டாவது புட்டிக்குப் பிறகு எழுதும் குறிப்புகள் ஒயினைப் பற்றியவையாக இருக்காது.

மதிப்பெண்களைப் பற்றியும் என் ஐயத்தை மறைக்க விரும்பவில்லை. கலிபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில், ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயினை நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை கொடுத்துச் சோதித்தார் ராபர்ட் ஹாட்ஜ்சன். 2008 இல் வெளியான அவருடைய முடிவுகளின்படி, ஏறத்தாழ பத்தில் ஒரு நடுவரே மூன்று முறையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பெண் அளித்தார். முதிர்ந்த ஒயினில் இந்தத் தடுமாற்றம் கூடவே செய்யும், ஏனெனில் ஒரே பெட்டியில் ஒன்றாகக் கிடந்த இரண்டு புட்டிகள்கூட, தக்கைக்குத் தக்கபடி வெவ்வேறாக மூப்படைகின்றன. எனவே நான் எண் இடுவதற்குப் பதிலாகத் திறந்தவுடன், அரை மணி நேரத்தில், இரண்டு மணி நேரத்தில் என்று மூன்று குறிப்புகள் எழுதுகிறேன். இவற்றில் முதல் குறிப்பை மட்டும் வைத்து எந்தப் புட்டியையும் புகழ்ந்ததும் இல்லை, கொட்டியதும் இல்லை.

சாக்கு வாடை வீசிய ஒயினைக் குடித்த அந்த நால்வரும் அடுத்த இலையுதிர்காலத்தில் மீண்டும் வந்தார்கள். சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, அந்தப் புட்டிக்குரிய தொகையை அன்றைய கணக்கில் கழித்துவிட்டு, வேறொரு 2001 புட்டியைத் திறந்தேன். அவர்களில் ஒருவர் முகர்ந்தவுடன் நிமிர்ந்து, "இதுவும் அதே வாடைதானே?" என்றார். நானும் முகர்ந்தேன், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோப்பையின் மேல் ரொட்டித் தட்டை வைத்து மூடிவிட்டு, முதலில் உணவு வரட்டும் என்றேன். 'தயரின்' எனப்படும் மெல்லிய முட்டைப் பாஸ்தாவுக்குப் பிறகு அவரே தட்டை எடுத்தார். அடைபட்ட புழுக்கம் போயிருந்தது; ரோஜா வந்திருந்தது.