இந்தத் தகடு எந்த விமானத்தினுடையது?

இரண்டாம் உலகப் போரின்போது சென்னையை அடுத்த புழல் ஏரியிலிருந்து பிரிட்டிஷ் வான்படையின் 240ஆம் படையணி கேடலினா கடல்விமானங்களை இயக்கியது. பின்னாளில் கார்ப் பந்தயத்துக்குப் பெயர்பெற்ற சோழவரம் ஓடுதளமும் அந்தப் போர்க்காலத்தில் அமைந்ததே. ஆகவே இந்தச் சுற்றுவட்டாரக் காயலான் கடை ஒன்றில் வரிசையாக ரிவெட் அடித்த பழைய அலுமினியத் துண்டு அகப்பட்டால், விமானத்தினுடையதோ என்று ஐயுறுவதில் தவறில்லை. எந்த விமானம் என்று நிறுவுவதுதான் பெரும்பாடு.

முதலில் தேட வேண்டியது பாக எண். கேடலினாவை வடிவமைத்த அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம் தன் வடிவமைப்பு எண்ணையே பாக எண்ணின் தொடக்கமாக வைத்தது. 28 என்றால் கேடலினா, 32 என்றால் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தில் 300 முதலாம் வகையையும் 361 ஒன்பதாம் வகையையும் குறிக்கும். எண்ணைக் கண்டதும் விமானத்தின் பெயரை அறிவித்துவிடும் அவசரம் பலருக்கு உண்டு. உண்மையில் அந்த எண் சுட்டுவது வரைபடத்தை மட்டுமே. புதிய வகையை உருவாக்கியபோது மாற்றம் தேவைப்படாத பாகங்களைப் பழைய வரைபடத்தின்படியே செய்துவந்ததால், ஒன்பதாம் வகை ஸ்பிட்ஃபயரைப் பிரித்தாலும் 300 என்று தொடங்கும் பாகங்கள் கிடைக்கும். மாறாக, 361 என்று தொடங்கும் பாகம், பிற்காலப் பழுதுபார்ப்பில் பொருத்தப்பட்டிருந்தாலொழிய, முதலாம் வகையில் இருக்க வாய்ப்பில்லை. லிபரேட்டரை ஃபோர்டு, டக்ளஸ் ஆகிய நிறுவனங்களும் கட்டியதால், எந்தத் தொழிற்சாலை என்பதற்குப் பரிசோதகர் குத்திய சிறு வட்ட முத்திரையைப் பார்க்க வேண்டும்.

அந்த முத்திரை சில வேளைகளில் வெறும் மையால் ஆனது. தின்னர் ஊற்றித் துடைத்தால் எண்பது ஆண்டு தாங்கிய சான்று ஒரே நொடியில் போய்விடும். கம்பித் தூரிகை அதைவிட மோசம். மென்மையான தூரிகையால் மண்ணை அகற்றிவிட்டு, இருட்டறையில் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால், உலோகத்தில் பதிந்த எழுத்துகளின் விளிம்பு நிழல்விட்டுத் தெரியும்.

எண்ணே இல்லாவிட்டால் ரிவெட்டும், திருகாணியின் சுருள் வரியான மரையும் உதவும். அமெரிக்க ரிவெட்டின் தலை நடுவே சிறு குழி இருந்தால் அது 2117 என்னும் அலுமினியக் கலவை, மேடான இரு கோடுகள் இருந்தால் 2024. இவை இன்றும் புழக்கத்தில் இருப்பதால் காலத்தைச் சொல்லமாட்டா. பிரிட்டனின் விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க மரையினுடையது 60 பாகை. இதிலும் ஒரு பொறி உண்டு: அமெரிக்காவின் பேக்கர்டு நிறுவனம் பிரிட்டனின் மெர்லின் விமான எஞ்சினைத் தயாரித்தபோது பிரிட்டிஷ் மரைகளையே வைத்தது.

உலோகக் கலவையை அறிய, தி.நகர் நகைக்கடைகளில் தங்கத்தின் தரத்தைக் காட்டும் அதே எக்ஸ்ரே முறை பயன்படுகிறது. கருவி அனுப்பும் கதிர் அணுவின் உள்வட்டத்து எலக்ட்ரானை வெளியே தள்ள, அந்த இடத்தை வேறொரு எலக்ட்ரான் நிரப்பும்போது தனிமத்துக்கே உரிய ஆற்றலுடன் கதிர் வெளிப்படுகிறது. செம்புக்கு அது சுமார் 8.05 கிலோ எலக்ட்ரான் வோல்ட். 2024 கலவையில் செம்பு ஏறத்தாழ 4.4 விழுக்காடு. ஆயினும் அரிப்பைத் தடுக்கத் தகட்டின் இரு பக்கமும் தூய அலுமினியம் பூசியிருப்பதால், மேற்பரப்பில் அளந்தால் செம்பு குறைவாகக் காட்டும். வெட்டு விளிம்பில் அளப்பதே முறை. துத்தநாகம் மிகுந்திருந்தால் துப்பு இன்னும் கூர்மையாகும்: அமெரிக்காவில் அத்தகைய 7075 கலவை 1943இல்தான் வந்தது, ஜப்பானோ அதற்கு முன்பே தன் ஜீரோ போர்விமானத்தின் இறக்கை உத்திரத்தில் துத்தநாகக் கலவையைப் பயன்படுத்தியிருந்தது.

அடையாளம் தெரிந்த பாகமெல்லாம் மீண்டும் பறந்துவிடாது. அரித்துப்போனவற்றைப் புதிய பாகம் செய்வதற்கான அளவுமாதிரியாகவே பெரும்பாலும் வைத்துக்கொள்கிறார்கள். விமானி அறையின் அளவுமானிகளில் மட்டும் தனி எச்சரிக்கை தேவை. முள்ளும் எண்களும் ஒளிர்வதற்காகப் பூசிய ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள். அதனுடன் கலந்த துத்தநாக சல்ஃபைடு சில பத்தாண்டுகளிலேயே கெட்டுவிடுவதால் ஒளி அவிந்திருக்கும், கதிர்வீச்சு அப்படியே இருக்கும். எனவே உதிர்ந்த பூச்சுத் தூள் மூச்சில் கலக்காதபடி, கண்ணாடியைக் கழற்றாமல் உறையிலிட்டு மூடி வைக்க வேண்டும்.