செகோ என்று போட்டிருந்தால் இனிக்காதா?

பார்சலோனாவில் ஒயின் பரிமாறும் வேலைக்கு வந்த முதல் வருஷம். கோயம்புத்தூரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு தம்பதி என் மேசையில் வந்து உட்கார்ந்தார்கள். தமிழ் காதில் விழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. “எனக்குச் சுகர் இருக்குதுங்க தம்பி. இந்த ஊர் காவா ஒரு கிளாஸ் குடிச்சுப் பாக்கணும்னு ஆசை. இனிப்பே இல்லாததா ஒண்ணு குடுங்க” என்றார் அவர். காவா என்பது ஸ்பெயினின் நுரைக்கும் ஒயின். லேபிளில் ‘செகோ’ என்று போட்டிருந்த பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். ஸ்பானிய மொழியில் செகோ என்றால் உலர்ந்தது. ஒயின்காரர்கள் பேச்சில் உலர்ந்தது என்றால் இனிப்பில்லாதது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஒரு வாய் குடித்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “இனிக்குதுங்களே தம்பி” என்றார்.

இனிக்கத்தான் செய்யும். நுரைக்காத சாதாரண ஒயினில் செகோ என்றால் லிட்டருக்குப் பெரும்பாலும் 4 கிராமுக்குள்தான் சர்க்கரை. புளிப்பு தூக்கலாக இருந்தால் 9 வரை போகலாம். அதே சொல் நுரைக்கும் ஒயினின் லேபிளில் வந்தால் 17 முதல் 32 கிராம். ஐரோப்பியச் சட்டமே அப்படித்தான். சாம்பெய்ன் என்றாலே பாகு மாதிரி இருந்த பழைய காலத்தில், அதைவிடக் கொஞ்சம் இனிப்புக் குறைந்ததை ‘உலர்ந்தது’ என்றார்கள். நாக்கு மாறிவிட்டது, சொல் மாறவில்லை. எங்கள் மூத்த சொமெலியே, அதாவது ஒயின் நிபுணர், வந்து, பாட்டிலை ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டு போய், ‘ப்ரூட் நேச்சர்’ ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். எனக்குக் காது வரை சூடு.

அந்த வெட்கத்தில் மனப்பாடம் செய்த வரிசை இது. ப்ரூட் நேச்சர்: லிட்டருக்கு 3 கிராமுக்கும் குறைவு, மேலே ஒரு துளி சர்க்கரை சேர்ப்பதில்லை. எக்ஸ்ட்ரா ப்ரூட் 6 கிராம் வரை, ப்ரூட் 12 வரை. அப்புறம் ‘எக்ஸ்ட்ரா செகோ’ வந்து 12லிருந்து 17 வரை போகும். செகோ 17 முதல் 32, செமி செகோ 32 முதல் 50, அதற்கு மேல் துல்செ. இவ்வளவையும் நினைவில் வைக்க முடியாதென்றால் ஒன்று போதும்: நுரைக்கும் ஒயினில் ப்ரூட் என்ற சொல் இருந்தால் இனிப்புக் குறைவு, செகோ என்ற சொல் இருந்தால் இனிப்பு. 32 கிராம் உள்ள செகோ பாட்டில் ஒன்றில் மொத்தம் 24 கிராம் சர்க்கரை, கிட்டத்தட்ட ஆறு டீஸ்பூன்.

இந்தச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. காவாவில் நுரை வருவது பாட்டிலுக்குள்ளேயே நடக்கும் இரண்டாவது நொதித்தலால். முதல் ஒயினோடு ஈஸ்ட்டும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து மூடி, நிலவறையில் படுக்க வைத்துவிடுவார்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும். கடைசியில் ஈஸ்ட் வண்டலை வெளியேற்றும்போது பாட்டில் கொஞ்சம் குறையுமல்லவா, அந்த இடத்தைச் சர்க்கரை கலந்த ஒயினால் நிரப்பும்போதுதான் இனிப்பு ஏறுகிறது. ஆக, பாட்டிலில் இருக்கும் இனிப்பு திராட்சை தந்ததைவிட, தயாரிப்பவர் கையால் சேர்த்ததுதான் அதிகம்.

வண்டலோடு குறைந்தது 9 மாதம் கிடந்தால் காவா. 18 மாதம் என்றால் ரிசர்வா, 30 மாதம் என்றால் கிரான் ரிசர்வா. இதில் எனக்குப் பிடித்த ஒரு குறுக்கு வழி இருக்கிறது. கிரான் ரிசர்வாவை ப்ரூட் நேச்சர், எக்ஸ்ட்ரா ப்ரூட், ப்ரூட் என்ற மூன்றில் ஒன்றாக மட்டுமே விற்கலாம். செகோவாக விற்க விதியில் இடமில்லை. சர்க்கரை பற்றிக் கவலைப்படுபவருக்கு, பட்டியல் புரியாத கடையில்கூட, கிரான் ரிசர்வா என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது. விலை கொஞ்சம் கூடும், அது வேறு கதை.

காவா என்பது ஊர்ப் பெயர் என்று நினைப்பவர்கள் நிறைய. அது நிலவறையைக் குறிக்கும் சொல். பெரும்பகுதி பெனதெஸ் வட்டாரத்தில், சான்ட் சதுர்னி ஊரைச் சுற்றித்தான் ஆகிறது என்றாலும், வலென்சியா பக்கம் ரெக்கேனாவிலும், எங்கோ தென்மேற்கில் எக்ஸ்ட்ரெமதுராவிலும்கூட அதே பெயரில் தயாரிக்கலாம். ஒயின் தயாரிக்கும் கொடோர்னியூ குடும்பத்தின் ஜோசெப் ரவெந்தோஸ் 1872இல் சான்ட் சதுர்னியில் முதல் பாட்டில்களைச் செய்தார். சாம்பெய்ன் என்ற பெயரைப் பிரான்ஸ் விட்டுக்கொடுக்காததால் பிறகு காவா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மகபேவு, ஷரெல்லோ, பரெல்யாதா மூன்றும்தான் ஆதித் திராட்சைகள். என்னைக் கேட்டால் மூன்றிலும் முதுகெலும்பு ஷரெல்லோதான். வயதாக ஆக அதன் புளிப்பு நிமிர்ந்து நிற்கும்.

பெயர் பரந்துபோனதில் உள்ளூர்க்காரர்கள் சிலருக்கு வருத்தம். 2019இல் ஒன்பது தயாரிப்பாளர்கள் காவா அமைப்பை விட்டு வெளியேறி ‘கோர்பின்னாத்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். இயற்கை வேளாண்மை, கையால் பறிப்பு, குறைந்தது 18 மாதம், எல்லாமே சொந்த இடத்தில் என்று விதிகள் கறார். அதனால் லேபிளில் காவா என்ற சொல் இல்லையென்றால் மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பல சமயம் நேர்மாறு.

சரி, சர்க்கரை ஒரு பக்கம். இரண்டாவது வில்லங்கம் ஆல்கஹால் அளவு. இதில் பெரும்பாலும் மாட்டுவது பிரியோராத் ஒயின்.

பார்சலோனாவுக்குத் தென்மேற்கே தாரகோனா என்ற கடலோர நகரத்திலிருந்து உள்நாட்டுப் பக்கம் போனால், மலைகள் சூழ்ந்த சின்னப் பகுதி அது. 1194இல் கார்த்தூசியர் என்ற கிறித்தவத் துறவிகள் அங்கே ஸ்காலா தெய் மடத்தைக் கட்டினார்கள். கடவுளின் ஏணி என்று பொருள். வானத்துக்கு ஏணி வைத்துத் தேவதூதர்கள் ஏறுவதை ஓர் இடையன் பார்த்தான் என்று கதை. அந்தச் சரிவுகளைப் பார்த்தால் ஏணி தேவைதான் என்று தோன்றும். மண் என்று சொல்ல ஒன்றுமில்லை. லிகொரெல்யா என்ற கறுத்த சிலேட்டுக் கல்தான் அடுக்கடுக்காக. நம் பள்ளிக்கூட சிலேட்டு உடைந்து குவிந்து கிடப்பதுபோல காலடியில் நொறுங்கும். கொடியின் வேர் அந்தப் பிளவுகளில் நுழைந்து தண்ணீரைத் தேடிக் கீழே கீழே போகிறது. பழைய கொடி ஒன்றில் ஒரு கிலோ திராட்சை கிடைத்தால் பெரிய விஷயம். டிராக்டர் ஏறாத இடங்களில் இன்றும் கோவேறு கழுதைதான் உழுகிறது.

ஃபிலாக்செரா பூச்சி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொடிகளை அழித்தபின் ஊர்கள் காலியாயின. 1980களின் இறுதியில் ரெனே பர்பியேர், ஆல்வரோ பலாசியோஸ் முதலிய சிலர் கிராதாலோப்ஸ் கிராமத்தில் கைவிட்ட நிலங்களை வாங்கினார்கள். 1989 அறுவடையை ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஒயினாகச் செய்து, ஆளுக்கொரு லேபிள் ஒட்டி விற்றார்கள். கொஞ்ச வருஷத்தில் உலகமே திரும்பிப் பார்த்தது. இன்று ஸ்பெயினில் மிக உயர்ந்த தகுதி பெற்ற பகுதிகள் இரண்டே: ரியோகா, பிரியோராத்.

கர்னாச்சா, கரின்யேனா திராட்சைகள் அந்த வெயிலில் நன்றாகப் பழுத்துச் சர்க்கரை சேர்க்கின்றன. நொதிக்கும்போது அந்தச் சர்க்கரை அத்தனையும் ஆல்கஹாலாகிவிடுவதால் ஒயினில் இனிப்பு இருக்காது, போதை இருக்கும். 14.5, 15, சிலவற்றில் அதற்கும் மேல். நாக்குக்குத் தெரியாது, பழச் சுவை அதை மூடிவிடும். 11.5 சதவீதக் காவா 100 மில்லி குடித்தால் உடலுக்குள் போவது சுமார் 9 கிராம் ஆல்கஹால். 15 சதவீதப் பிரியோராத்தை 150 மில்லி கிளாஸில் குடித்தால் 18 கிராம். “ரெண்டு கிளாஸ்தானே குடிச்சேன்” என்பவர் நான்கு கிளாஸ் காவாவுக்குச் சமமாகக் குடித்திருக்கிறார். ஆகஸ்ட் மதிய வெயிலில் மொட்டைமாடி மேசைக்கு யாராவது பிரியோராத் கேட்டால், நான் கூடவே ஒரு ஜாடி தண்ணீரை வைத்துவிட்டுத்தான் நகர்வேன். அடிக்கடி, இந்த வெயிலில் அது வேண்டாமே என்று மறுத்தும் பேசுவேன். முதலாளிக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது.

இங்கே ஒரு சொல் விளக்கம். ஆங்கிலத்தில் சிவப்பு ஒயின் என்பதை, பார்சலோனா வட்டாரத்தின் கத்தலான் மொழியில் ‘வி நெக்ரே’ என்பார்கள், அதாவது கறுப்பு ஒயின். பிரியோராத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தால் அந்தப் பெயர் சரிதான் என்பீர்கள்.

பிரியோராத்தைச் சுற்றி வளையம் மாதிரி மொன்ட்சான்ட் இருக்கிறது. அதே திராட்சைகள், சிலேட்டு குறைவு, களிமண்ணும் சுண்ணாம்புமாகக் கலந்த நிலம், விலை பாதியளவு. பெயருக்காகக் காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு நான் முதலில் நீட்டுவது இதைத்தான்.

வெள்ளை ஒயின் என்றால் லேசானது என்ற நம்பிக்கையும் சரியில்லை. தெற்கே தெர்ரா ஆல்தா, வெள்ளைக் கர்னாச்சாவின் வீடு. உலகத்து வெள்ளைக் கர்னாச்சாவில் மூன்றில் ஒரு பங்கு தங்களிடம்தான் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையடிப்பார்கள். நிறம் வைக்கோல் மாதிரி, ஆல்கஹால் 13.5, 14. தோலோடு ஊற வைத்துச் செய்யும் ‘பிரிசாத்’ வகையில் துவர்ப்பும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் சிவப்பு ஒயினோ என்று சந்தேகம் வரும். போனால் காந்தேசாவின் கூட்டுறவு ஒயின் கூடத்தைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் கௌதியின் சீடர் செசார் மார்த்தினெல் 1919இல் கட்டியது. விவசாயிகள் சேர்ந்து கட்டிய கட்டடம், உள்ளே நின்றால் தேவாலயம்.

வடக்கே பிரான்ஸ் எல்லையில் எம்பொர்தா. த்ரமுந்தானா என்ற காற்று அங்கே மலையிறங்கி வீசும்போது ஆளையே தள்ளும். கொடிகளை ஈரமில்லாமல் காய வைத்து நோயிலிருந்து காப்பதும் அதே காற்றுதான். அங்கே உணவுக்குப் பிறகு, திராட்சையின் பெயராலேயே ‘கர்னாச்சா’ என்று சின்னக் கிளாஸில் கொடுக்கும் ஒயினில் ஜாக்கிரதை. ஆல்கஹாலும் 15ஐத் தாண்டும், சர்க்கரையும் லிட்டருக்கு 100 கிராமைத் தொடுவது சகஜம். சுகர்காரர்களுக்கு இரட்டை அடி. வெயிலிலும் காற்றிலும் வைத்துப் பழுக்கவிடும் ‘ரன்சி’ ஒயின் இன்னொரு புதிர். இனிக்காததும் உண்டு, இனிப்பதும் உண்டு, பெயரை வைத்துச் சொல்ல முடியாது. கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

நிஜமாகவே லேசானது வேண்டுமா? கோன்கா தெ பர்பெரா பகுதியில் த்ரெபாத் என்ற திராட்சையில் செய்யும் ஒயின். வெளிறிய சிவப்பு, மிளகு வாசனை, 12 சொச்சம் சதவீதம். என் விடுமுறை நாள் ஒயின் அதுதான். பார்சலோனாவை ஒட்டிய அலெய்யாவில் ஷரெல்லோவை ‘பன்சா பிளாங்கா’ என்ற பெயரில் விற்கிறார்கள்; மீனுக்கு அருமை.

இப்போது இன்னொரு வசதி வந்திருக்கிறது. 2023 டிசம்பர் 8க்குப் பிறகு தயாரான ஒயின்களுக்கு, உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள், எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு கலோரி என்று சொல்வதை ஐரோப்பா கட்டாயமாக்கிவிட்டது. பலர் அதைப் பின்பக்க லேபிளில் க்யூஆர் குறியீடாக வைக்கிறார்கள். ஃபோனைக் காட்டினால் 100 மில்லிக்கு எவ்வளவு என்று வந்துவிடும். சல்ஃபைட் ஒவ்வாதவர்கள் அதற்கான எச்சரிக்கை வரியையும் பார்க்கலாம். நான் மருத்துவன் இல்லை. மாத்திரை சாப்பிடுபவர்கள், கல்லீரல் தொல்லை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் விஷயத்தில் ப்ரூட் நேச்சரும் பதில் ஆகாது. எந்த அளவு ஆல்கஹாலும் பாதுகாப்பானதல்ல என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. இதை ஊற்றிக் கொடுத்துப் பிழைப்பவன் சொல்கிறேன்.

கடைசியாக ‘பொர்ரோ’. நீண்ட மூக்கு வைத்த கண்ணாடிக் குடுவை. தலையை அண்ணாந்து, வாய் படாமல், மெல்லிய தாரையாக வாயில் விழும்படி ஊற்றிக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் கல்சோட்டைத் தணலில் சுட்டு விருந்து வைப்பார்கள், அங்கே இது கை மாறிக்கொண்டே இருக்கும். புதிதாக வந்தவன் சட்டையில் ஊற்றிக்கொள்வதைப் பார்த்துச் சிரிப்பது அவர்கள் வழக்கம். சின்ன வயதிலிருந்து செம்பை அண்ணாந்து குடித்துப் பழகிய எனக்கு ஒரு சொட்டு சிந்தவில்லை. அதில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். சுற்றுக்குச் சுற்று என்னிடமே நீட்டினார்கள். கிளாஸ் என்றால் எண்ணலாம், தாரையை எப்படி எண்ணுவது? கார் சாவியை நண்பனிடம் கொடுத்துவிட்டு, ஆர்4 ரயிலில் பார்சலோனா திரும்பினேன். இறங்க வேண்டிய நிலையத்துக்கு இரண்டு நிலையம் தள்ளித்தான் விழித்தேன்.