ஃபெல்ட் – சொல் விளக்கம்

ஃபெல்ட் என்பது தறியில் ஏறாத துணி. பாவும் ஊடையும் இல்லாமல், ஈரமும் சூடும் அழுத்தமும் கொண்டே ஆட்டுமயிரைச் சிக்கவைத்துத் தகடாக்கிய பொருளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. ஆட்டுமயிரின் மேற்புறத்தில் நுண்ணிய செதில்கள் ஒரே திசை நோக்கிப் படிந்திருக்கின்றன. நனைத்துப் பிசையும்போது ஒவ்வொரு மயிரும் தன் வேர்ப்பக்கமாக நகர்கிறது; பின்வாங்கச் செதில்கள் இடம் கொடுப்பதில்லை. ஆகவே பிசையப் பிசைய மயிர்கள் பின்னி இறுகுகின்றன.

இச்சொல் செர்மானிய மொழிகளுக்குப் பொதுவானது. ஜெர்மன் மொழியில் ஃபில்ட்ஸ் என்றும் டச்சு மொழியில் வில்ட் என்றும் வழங்கும். அடித்தல், மோதுதல் என்ற பொருளுடைய தொன்மையான வேரிலிருந்து இது பிறந்ததாகச் சொல்லாய்வாளர் கொள்வர். நீர்மங்களை வடிகட்ட ஃபெல்ட் பயன்பட்டதால் இடைக்கால இலத்தீனில் ஃபில்ட்ரும் என்ற சொல் தோன்றியது. நாம் அன்றாடம் சொல்லும் ஃபில்டர் அதன் வழி வந்ததே. பாரசீகத்தில் இப்பொருளின் பெயர் நமத். காஷ்மீரத்துத் தரைவிரிப்பான நம்தா அதனோடு தொடர்புடையது.

பொறியியலில் இதற்கு மதிப்பு வந்த காரணம் எளிது: நெய்த துணியைப் போல வெட்டிய விளிம்பில் இழை பிரியாது. வளையமாகவோ பட்டையாகவோ, எந்த வடிவில் வெட்டினாலும் அப்படியே நிற்கும். எண்ணெயை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக விடுவதால், தாங்கிகளின் (பேரிங்) ஓரத்தில் மசகு வெளியேறாமலும் தூசு புகாமலும் காக்கும் அடைப்பாகவும், எண்ணெய் ஊட்டும் திரியாகவும் பயன்படுகிறது. பியானோவின் சுத்தியல் தலைகளுக்குத் தோலுக்குப் பதிலாக ஃபெல்ட் உறையிடும் முறைக்கு ழான் ஆன்றி பாப் 1826இல் பாரிஸில் காப்புரிமை பெற்றார். கட்டடத் துறையில் தார் ஊட்டிய ஃபெல்ட் கூரைகளின் நீர்க்கசிவைத் தடுக்கிறது.

இன்று தொழிற்சாலைகளில் புழங்கும் ஃபெல்ட்டில் பெரும்பகுதி ஆட்டுமயிரே அன்று. முட்கள் கொண்ட ஊசிகளால் பாலியெஸ்டர் போன்ற செயற்கை நார்களை மேலும் கீழும் குத்திப் பிணைக்கும் முறை வந்தபின், செதில் இல்லாத நாரும் ஃபெல்ட் ஆனது. சிமென்ட் ஆலைகளில் புகையோடு வரும் தூசைப் பிடிக்கும் வடிபைகள் இவ்வகையின. சூடு மிகுந்த இடத்தில் பாலியெஸ்டருக்குப் பதில் அராமிட் நாரைப் போடுவார்கள். ரேயான் போன்ற செயற்கை நார் ஃபெல்ட்டைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கினால் கரிம ஃபெல்ட் கிடைக்கும். வெற்றிட உலைகளில் வெப்பக்காப்பாகவும், வனேடியக் கரைசலில் மின்னாற்றலைச் சேமிக்கும் பாய்வு மின்கலங்களில் மின்முனையாகவும் அது விளங்குகிறது.

தமிழில் எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆய்தத்தைத் தவிர்த்துப் ‘பெல்ட்’ என்று எழுதினால் இயந்திரங்களை ஓட்டும் வார்ப்பட்டை என்றே படிப்பவர் கொள்வர். காகித ஆலையில் இக்குழப்பம் இரட்டிப்பாகும். ஈரத்தாளைச் சுமந்து உருளைகளுக்கிடையே செல்லும் ஃபெல்ட்டும் முடிவில்லாமல் சுழலும் பட்டையே அல்லவா? கணினி மொழிபெயர்ப்போ, உணர்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் இறந்தகால வடிவோடு இதை மயங்கி ‘உணர்ந்த’ என்று தருவதும் உண்டு.

இதற்குத் தமிழ்ப் பெயராகக் கம்பளி, கம்பளம் என்பவை பொருந்தா. கரிம நாரிலும் பாலியெஸ்டரிலும் கம்பளி ஏது? ‘நெய்யாத் துணி’ என்பது மருத்துவமனை முகக்கவசம் வரை அடக்கும் பேரினப் பெயர். அடித்தல், நனைத்தல் இரண்டும் துவைத்தலில் அடங்குவதால் அவ்வேர் ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருளுக்கு மிக நெருங்கியது. ஆனால் துவையலைச் சமையலறை கைப்பற்றிவிட்டது, துவைதுணி என்றாலோ சலவைத் துணியாகிவிடும். ‘செறியிழை’ அழகான தொடர்தான். எனினும் ஆயிழை, சேயிழை ஆகியவற்றோடு பழகிய காதுக்கு நகை அணிந்த பெண் ஒருத்தி வந்து நிற்பாள்.

ஆகவே ‘செறிநார்’ என்பதை முன்மொழிகிறேன். மூலப்பொருளை அன்றி அது செறிந்திருக்கும் நிலையைச் சுட்டுவதாலும், கம்பளிச் செறிநார், கரிமச் செறிநார், செறிநார் வளையம், தார்ச் செறிநார் என அடைகளோடு எளிதில் இணைவதாலும் பாடநூலுக்கும் கலைச்சொல் பட்டியலுக்கும் இது ஏற்றது. கடைத்தெருவில் ஃபெல்ட் என்று கேட்பதை யாரும் மாற்ற வேண்டியதில்லை. எழுத்தில் ஆய்தத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. ஆங்கில வழக்கில் ஃபெல்ட் என்று அழைக்கப்படும் எல்லாம் செறிநார் ஆகா. பில்லியர்ட்ஸ் மேசையின் பச்சை விரிப்பைப் பலரும் ஃபெல்ட் என்பர். அது உண்மையில் தறியில் நெய்த கம்பளித் துணி. காகித ஆலை ஃபெல்ட்டும் முன்பு நெய்து அடித்து இறுக்கிய கம்பளித் துணியாகவே இருந்தது. இன்று நெய்த அடித்தளத்தின்மேல் செயற்கை நாரை ஊசியால் குத்திப் பதிக்கிறார்கள். தறியில் நெய்த முதலிரண்டையும் கம்பளித் துணி என்றே குறிக்கலாம். ஊசியால் குத்திப் பதித்த இன்றைய வகைக்குச் செறிநார்ப் பட்டை என்பது பொருந்தும்.